குழாயில் கட்டிய துணி

"அக்கா, மறுபடியும் கட்டிட்டீங்களா?"

குழாய் வாயில் வெள்ளைத் துணியைப் பார்த்ததும் திரௌபதி ஓடி வந்தாள். விடிந்ததிலிருந்து இது மூன்றாவது முறை.

"கட்டினா என்னாம்மா? தண்ணி நல்லாத்தானே வருது" என்றாள் குசுமாவதி.

"அதான் நானும் சொல்றேன். நல்ல தண்ணிக்கு எதுக்குத் துணி?"

"அது எதுக்குன்னா..."

"லேப்ல குடுத்து டெஸ்ட் எடுத்த தண்ணி, அக்கா! பேப்பர் இருக்கு. எடுத்தாரட்டா?"

பதிலுக்குக் காத்திராமல் துணியை அவிழ்த்து அவள் கையில் திணித்தாள் திரௌபதி.

அடி அண்ணாமலை ஊரைத் தாண்டி, மூன்று வருடமாக மல்லாட்டை என்கிற வேர்க்கடலை காய்ந்துபோன நிலம் அது. கல்லும் கள்ளியும்தான் மிச்சம். திரௌபதியின் புருஷன் ஆதிமூலம் அங்கே எட்டு டென்ட் போட்டு, குளியலறை, கக்கூஸ் எல்லாம் கட்டி, 'பாலைவன கேம்ப்' என்று போர்டும் வைத்துவிட்டார்.

"பாலைவனம்னு பேரு வச்சா தண்ணி இருக்காதுன்னு நெனைச்சுக்க மாட்டாங்களா?" என்று அன்றைக்கே தலையில் அடித்துக்கொண்டாள் திரௌபதி. அன்றிலிருந்து அவள் கவலையெல்லாம் தண்ணீர்தான்.

இன்றைக்கு வேலூரிலிருந்து ஒரு பள்ளிக்கூட டீச்சர் வருகிறார். வசதிகளைப் பார்த்துப் பிடித்துவிட்டால் அறுபது பிள்ளைகள் ரெண்டு நாள் வந்து தங்குவார்கள். பிடிக்காவிட்டால் டென்ட்டைச் சுருட்டிவிட்டு, சென்னைக்கு வாட்ச்மேன் வேலைக்குப் போவதாக ஆதிமூலம் சொல்லிவிட்டார். அவர் அங்கே, இவள் இங்கே. நினைத்தாலே திரௌபதிக்குச் சோறு இறங்கவில்லை.

கேம்பில் இப்போது குசுமாவதி குடும்பம் மட்டும்தான். வந்தவாசிப் பக்கத்து ஜைனர்கள். மகள் அக்ஷயாவுக்கு டென்ட்டில் தூங்க வேண்டுமாம், அதற்காக வந்தவர்கள். அப்பாவும் மகளும் டவுனுக்குப் போயிருந்தார்கள்.

'நல்ல மனுஷிதான். இந்தத் துணிப் பைத்தியம்தான் ஜாஸ்தி' என்று முணுமுணுத்தபடி, மடித்த போர்வைகளையே மறுபடியும் மடித்தாள் திரௌபதி. கக்கூஸ் தாழ்ப்பாளை நாலு தரம் போட்டுப் பார்த்தாள். திரும்பி வந்தால், குழாயில் புதுசாக இன்னொரு துணி!

குசுமாவதியோ கிணற்றடியில் நின்றாள். பழைய துணியைச் சொம்பில் அலசி, அந்தச் சொம்பைக் கயிற்றில் கட்டிக் கிணற்றுக்குள் மெதுவாக இறக்கிக்கொண்டிருந்தாள்.

"அய்யோ! என்னாக்கா பண்றீங்க?" ஓடினாள் திரௌபதி. "துணி அலசின தண்ணியைக் கெணத்துலயே ஊத்தறீங்களே! அதுதான மேல டாங்குக்கு ஏறுது!"

"பதறாத. ஒரு சொம்புதான்."

"சொம்போ குடமோ, அழுக்கு அழுக்குதான!"

பின்னால் யாரோ தொண்டையைச் செருமினார்கள். இவர்கள் கத்தலில் ஆட்டோ வந்த சத்தமே கேட்கவில்லை.

"நான் வினோதினி. ஸ்கூல்லேருந்து வரேன். கெணத்துல என்ன அழுக்கு?"

 திரௌபதி ஓடிப்போய் லேப் பேப்பரை எடுத்து வந்து நீட்டினாள். டென்ட்டைக் காட்டினாள். குளியலறையைக் காட்டினாள். டீச்சர் எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்தார். கடைசியில் குழாய்க்கு வந்ததும் நின்றுவிட்டார்.

"எல்லாமே நல்லாத்தான் இருக்குங்க. ஆனா இங்க தங்கியிருக்கிறவங்களே தண்ணியை நம்பாம துணி கட்டறாங்க. நான் எந்த தைரியத்துல பசங்களைக் கூட்டிட்டு வர்றது?"

திரௌபதி குசுமாவதி பக்கம் திரும்பினாள். "பாத்தீங்களாக்கா? நான் தலைதலையா அடிச்சுக்கிட்டேனே!"

குசுமாவதி ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

"காலைலேருந்து நானும் சொல்லத்தான் வரேன் டீச்சர், இவ எங்க வாயைத் தொறக்க விட்டா? தண்ணி சுத்தம். அதால நமக்கு ஒரு கெடுதலும் இல்லை. நம்மாலதான் அதுங்களுக்குக் கெடுதல்."

"எதுங்களுக்கு?"

"தண்ணியில கண்ணுக்குத் தெரியாத உயிருங்க இருக்குமே, அதுங்களுக்கு. நாம குடிச்சிட்டா செத்துடும் இல்ல? அதுக்குத்தான் எங்க வீடுங்கள்ல துணி கட்டறது. துணியில தங்கினதை அலசி, எந்தக் கெணத்துலேருந்து வந்துதோ அங்கயே கொண்டுபோய் விட்டுடுவோம். மேலேருந்து கொட்டினா அடிபடும்னுதான் கயித்துல கட்டி எறக்கினேன். அதுக்கு இவ என்னை அடிக்காத கொறை!"

திரௌபதி குழாய்த் துணியை உற்றுப் பார்த்தாள். 

டீச்சர் குனிந்து அந்தத் துணியைத் தொட்டுப் பார்த்தார். அப்புறம் வரிசையாக இருந்த மற்றக் குழாய்களைப் பார்த்தார். முகம் சுருங்கியது.

"என்னம்மா இது? நாலு குழாயில ஒண்ணுலதான் துணி இருக்கு!"

"டீச்சர்...?"

"சனிக்கிழமை அறுபது பசங்க வராங்க. வந்ததும் குழாயிலயே வாயை வச்சுக் குடிப்பாங்க. அதுக்குள்ள மிச்ச மூணுலயும் கட்டி வைங்க. பாவம், எங்க பசங்ககிட்ட மாட்டினா அந்த உயிருங்க என்ன ஆவும்?"