கைதான வீடு

தெருவே ஏரியாகிவிட்டது. வீட்டுக்குள் புகுந்த சேற்றுத் தண்ணீரை மோட்டார் போட்டு, நீளக் குழாய் வழியாக வெளியே தள்ளிக்கொண்டிருந்தாள் தமயந்தி. இரண்டு நாளாகப் போன் போட்டும் காப்பாற்ற ஒரு நாதி வரவில்லை.

தண்ணீர் நடுவே குழாய் சேற்றைக் கக்குவதை மேலிருந்து பார்த்த செயற்கைக்கோளோ, திருட்டுத்தனமாக மணல் அள்ளும் கப்பல் என்று அவள் வீட்டைப் போட்டுக்கொடுத்துவிட்டது. அரை மணியில் ரோந்துப் படகு வந்து நின்றது.

"இந்தக் கப்பலுக்குக் கேப்டன் யாரு?" என்றார் அதிகாரி.

"சார், இது வீடு..." என்று இழுத்த கணவனைத் தமயந்தி நறுக்கென்று கிள்ளினாள்.

"நான்தாங்க கேப்டன்."

"அத்தனை பேரும் கைது. படகுல ஏறுங்க."

பிள்ளைகள், பூனை, குக்கர் சகிதம் குடும்பமே குஷியாக ஏறியது.

எதிர்வீட்டு மாடியில் அருணகிரி அவசரமாகத் தோட்டக் குழாயைத் தொங்கவிட்டுக் கத்தினார்: "சார், நாங்களும் மணல் திருடுறோம் சார்!"