ஒரேயொரு போளை

"காம்பியாவிலை துவக்கோடை வந்து ஆட்சியைப் பிடிச்சவனையே, கடைசியிலை வாக்குச்சீட்டுக்குப் பதிலாக் கண்ணாடிப் போளை போட்டுத்தான் வீட்டை அனுப்பினவையாம். பக்கத்து வீட்டுக் காம்பியாக்காரர் லமின் சொன்னவர். எங்கட சங்கத்திலையும் இந்தமுறை அப்பிடித்தான்," என்றார் பாலேந்திரா.

லண்டன் ஹரோவிலிருந்த தமிழ்ப் பழைய மாணவர் சங்கத்தின் அசையாத தலைவர் அவர். இதுவரை கைதூக்கித்தான் தேர்தல். அவர் பார்த்துக்கொண்டிருக்க எதிர்த்துக் கைதூக்க யாருக்கும் துணிவு வந்ததில்லை.

"தோத்தால்?" என்று கேட்டாள் மனைவி கலாவதி.

"நானோ? என்னை விட்டால் சங்கத்துக்கு ஆர் இருக்கினம்?"

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில், திரைக்குப் பின்னால் இரண்டு தகரப் பேணிகள். ஒன்றில் பாலேந்திராவின் படம், மற்றதில் அவரை எதிர்த்து நின்ற தர்சிகனின் படம். ஆளுக்கொரு கண்ணாடிப் போளை, சிறுவர் விளையாடும் கோலிக்குண்டு. போளை விழும்போது உள்ளே மணி அடிக்கும். ஒவ்வொரு மணிக்கும் பாலேந்திரா முன்வரிசையில் இருந்து நன்றியோடு தலையாட்டினார்.

எண்ணியபோது அவருடைய பேணியில் ஒரேயொரு போளைதான் கிடந்தது.

"அதுவும் அவரே போட்டதுதான். மனிசியும் கைவிட்டிட்டுது," என்று பின்வரிசை சிரித்தது.

காரில் ஏறியதும் கலாவதி வெடித்தாள். "சனம் என்னையெல்லோ பழி சொல்லுது! அந்தப் போளை நான் போட்டது. உங்கட போளை எங்கை போனது?"

பாலேந்திரா சீட் பெல்ட்டை இழுத்து மாட்டினார்.

"திரைக்குப் பின்னாலை தனிய நிண்டு என்ரை பேணியிலை இருந்த அந்தாளின்ரை படத்தைப் பாத்தன், கலா. எனக்கே அலுத்துப்போச்சு."