சாப்பாட்டு பல்பு

மேசைக்கு மேலே தொங்கிய பல்பு அணைந்து எரிந்தது. மறுபடியும் ஒருமுறை அணைந்து எரிந்தது.

வெற்றிச்செல்வன் இழைப்பு மெஷினை நிறுத்தினான். காதிலிருந்த பஞ்சை எடுத்துவிட்டு, சட்டையில் ஒட்டியிருந்த மரத்தூளைத் தட்டினான்.

"சாப்பாடு ரெடி" என்றான்.

மெஷினுக்கு அடியில் குனிந்திருந்த கௌதம் தலையைத் தூக்கினான். "யாரும் கூப்பிடலியேண்ணா?"

"பல்பு கூப்பிட்டுச்சே, பாக்கல?"

கௌதம் குயிலாப்பாளையத்துக்காரன். ஆரோவில் பட்டறைகளில் மெஷின் ரிப்பேர் செய்து பழகியவன். அவனை மரக்காணம் வரை வரவழைத்தது பக்கத்து வீட்டு சவரியம்மாளின் புகார். பேத்தியால் பரீட்சைக்குப் படிக்க முடியவில்லை என்று ஊராட்சியில் போய் நின்றுவிட்டாள். சத்தத்தைக் குறைக்காவிட்டால் பட்டறையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள்.

சத்தம் மட்டுமா? தகரக் கூரைக்குக் கீழே மதியம் நிற்க முடியாது. மோட்டாரைத் தொட்டால் கை பொசுங்கும்.

"இந்த மிஷின் ஓடறப்ப தொண்ட கிழிய கத்தினாலும் எனக்குக் கேக்காது" என்றான் வெற்றிச்செல்வன். "ஒரு நாளு எம் பொண்டாட்டி பூவிழி பின்னால வந்து தோளைத் தொட்டுட்டா. திடுக்குன்னு திரும்பினேன். விரலு தப்பிச்சதே பெருசு. அன்னிக்கே அடுப்படியில ஒரு சுவிட்ச் வச்சு, இந்த பல்புக்கு ஒயர் இழுத்துட்டேன். ரெண்டு தடவ அணைஞ்சா சாப்பாடு."

"குடுத்து வச்சவர்ண்ணா நீங்க. எங்கூட்ல கரண்டிதான் பறந்து வரும்."

வெற்றிச்செல்வன் சிரிக்கவில்லை. "இங்க நீ எத வேணா மாத்திக்கோ. அந்த பல்புல மட்டும் கை வைக்காத. அது கூப்பிடலன்னா நான் சாப்பிடவே போவ மாட்டேன்."

"தொடவே மாட்டேன். அண்ணிகிட்ட யாரு திட்டு வாங்கறது?"

வெற்றிச்செல்வன் ஆணியில் மாட்டியிருந்த வீட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு, வாசலைக் கடந்து எதிரே இருந்த வீட்டுக்குப் போனான்.

மறுநாள் காலையிலேயே கௌதம் வந்துவிட்டான். தேய்ந்துபோன பேரிங்கைக் கழற்றிப் புதிது போட்டான். மெஷின் கால்களுக்கு அடியில் தடிமனான ரப்பர் கொடுத்தான். சவரியம்மாள் வீட்டுப் பக்கச் சுவர் முழுக்கத் தென்னை நார் மெத்தையை வைத்து அடித்தான். மோட்டாரின் இடுக்குகளில் அப்பியிருந்த தூளைச் சுரண்டி எடுத்தான். சூட்டை வெளியே தள்ளக் கூரையை ஒட்டி ஒரு ஃபேன் மாட்டினான். கடைசியாக மெயின் போர்டைத் திறந்து, ஸ்க்ரூடிரைவரால் எதையோ முடுக்கி மூடினான்.

"இப்பப் போடுங்கண்ணா."

வெற்றிச்செல்வன் மெஷினைப் போட்டான். பலகை ஒன்றை உள்ளே தள்ளினான். அது ஓடிக்கொண்டிருக்கும்போதே, உப்பளக் காற்று கூரைத் தகரத்தை ஆட்டுவது கேட்டது. இத்தனை வருஷத்தில் இந்தச் சத்தத்தைப் பட்டறைக்குள் நின்று அவன் கேட்டதில்லை.

பட்டறை வாசலில் வந்து சவரியம்மாள் எட்டிப் பார்த்தாள். "ஏம்பா வெற்றி, இன்னிக்கு லீவா? சத்தத்தையே காணோம்?"

"மிஷின் ஓடிக்கினுதான் இருக்குது ஆயா!" என்று கௌதம் கத்தினான். "போயி பேத்திய படிக்கச் சொல்லு!"

அவள் நம்பாமல் மெஷினையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தலையை இழுத்துக்கொண்டாள். கௌதம் தன் வேலையைத் தானே ரசித்தபடி மோட்டாரின் முதுகில் உள்ளங்கையை வைத்துக் காட்டினான். சுடவில்லை.

வெயில் உச்சிக்கு ஏறியது. வெற்றிச்செல்வன் ஒரு கதவுச் சட்டத்தை இழைத்தான். நிமிர்ந்து பல்பைப் பார்த்தான். அடுத்ததை இழைத்தான். மறுபடியும் பார்த்தான்.

கௌதம் தன் டிபன் பாக்ஸைக் காலி செய்து கழுவியும் வைத்துவிட்டான். பல்பு அசங்காமல் எரிந்துகொண்டிருந்தது.

"சாப்பிடப் போவலியாண்ணா?"

"இன்னும் கூப்பிடல."

"இன்னிக்கு என்ன, அண்ணிகூட சண்டையா?"

வெற்றிச்செல்வன் மெஷினை நிறுத்தினான். எதிரே தன் வீட்டுப் பக்கம் காது கொடுத்தான். எங்கோ ஒரு காகம் கத்தியது. உப்பு மூட்டை ஏற்றிய லாரி ஒன்று ரோட்டில் போனது. அவ்வளவுதான்.

"அந்த பல்புல கை வச்சியா?"

"அம்மா சத்தியமா இல்லண்ணா." கௌதம் பதறினான். "போர்டுலதான் அந்த லைட்டு லைனு லூசா கெடந்துச்சு. உப்புக் காத்துல ஒயரெல்லாம் களிம்பு ஏறி, கருகி இருந்துச்சு. மத்தியானம் சூடு ஏறினா தானா வெட்டி வெட்டி எரியும். சுத்தியும் மரத்தூளு வேற. ஒரு பொறி பட்டா பட்டறையே போயிடும். சுரண்டி டைட் வச்சிட்டேன். இனிமே அது தானா அணையாது."

வெற்றிச்செல்வன் பாதி இழைத்த சட்டத்தின் மேல் உட்கார்ந்தான்.

"என்னண்ணா இதுக்குப் போயி? அண்ணி சுவிட்ச் போட்டா அது பாட்டுக்கு அணையப் போவுது. வேணும்னா போயி ஒரு தடவ போட்டுப் பாக்கச் சொல்லுங்க."

வெற்றிச்செல்வன் ஆணியில் தொங்கிய சாவியைப் பார்த்தான். பிறகு பல்பைப் பார்த்தான்.

"பூவிழி செத்ததுக்கு அப்புறம் என்னைச் சாப்பிடக் கூப்பிட்டது அந்த லூஸ் ஒயர் ஒண்ணுதாம்பா."