பத்தரை மணிக்குக் கூட்டமில்லை

வீட்டில் யாருக்குப் பகுத்தறிவு மதிப்பெண் அதிகமோ, அவரே முடிவெடுப்பவர் என்பது சட்டம். இதுவரை நான்தான். "நீ உணர்ச்சிவசப்படுற" என்றே என் மனைவி தமயந்தியின் வாயை அடைத்துவந்தேன்.

வெள்ளிக்கிழமை பத்தரைக்கு இருவருக்கும் பகுத்தறிவு இயந்திரத்தில் மறுசோதனை. நான் என் நேரத்தை மட்டும் நைசாகப் பன்னிரண்டுக்கு மாற்றிக்கொண்டேன்.

"ராகுகாலத்துக்குப் பயந்துதானே?"

"சேச்சே, டிராஃபிக்!"

பன்னிரண்டுக்குப் போனால் ஊரிலுள்ள பகுத்தறிவாளர்கள் அத்தனை பேரும் வரிசையில் நின்றார்கள். தமயந்தி எப்போதோ சோதனை முடித்து வெளியே காத்திருந்தாள்.

"பத்தரைக்கு ஒருத்தரும் வரமாட்டாங்கன்னு தெரியும். ஜாலியா முடிச்சிட்டேன்."

நேரம் மாற்றியதற்காக இயந்திரம் என் மதிப்பெண்ணைக் குறைத்தது. இப்போது முடிவெடுப்பவர் அவள்.

என் பகுத்தறிவை நிரூபிக்க, அடுத்த வெள்ளிக்கிழமையே முடிவெட்டப் போக அனுமதி கேட்டேன்.

"வெள்ளிக்கிழமையா? வேணாங்க" என்றாள்.

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். உள்ளுக்குள் அப்படியொரு நிம்மதி.