கிளியில்லாத மீனாட்சி

வசுமதியின் நாத்தனார் தேவகி புது மீனாட்சி பொம்மையோடு வந்தாள். “கொலுவுக்கு என் சம்பந்தியம்மா வராங்க. அந்தப் பழைய மூளி பொம்மையைத் தூக்கிப் போட்டுட்டு இதை வைங்க அண்ணி.”

வசுமதி கல்யாணமாகி வந்த வருஷம், அவள் பிறந்த வீட்டு மீனாட்சி பொம்மையைக் கொலுப்படியிலிருந்து வேண்டுமென்றே தள்ளிக் கிளி ஏந்திய கையை உடைத்துவிட்டு, கை தவறிவிட்டதென்று சிரித்தவள் இதே தேவகிதான்.

வசுமதி பழையதைப் பொம்மைக்காரரிடம் எடுத்துப்போய் முகம், புடவை, நகை எல்லாவற்றுக்கும் புது வர்ணம் அடிக்கச் சொன்னாள்.

“உடைஞ்ச கையும் கிளியும்?”

“அது அப்படியே இருக்கட்டும்.”

கொலுவன்று ஜொலித்து நின்ற மீனாட்சியின் முறிந்த கையில்தான் வந்தவர்கள் கண்ணெல்லாம் போய் நின்றது.

“ஐயோ பாவம், கை எப்படிப் போச்சு?” என்று கேட்டாள் சம்பந்தியம்மா.

வசுமதி அவளுக்குச் சுண்டலைக் கொடுத்தாள். “தேவகி சொல்லுவா, கேளுங்க” என்று, தானும் கேட்க உட்கார்ந்தாள்.