காத்திருப்பு அறைக் கதவு

உள்ளே வந்தவன் கதவை இழுத்துச் சாத்தினான். மூலையில் கிடந்த துடைப்பக் கட்டையை எடுத்து, கதவு நகராதபடி முட்டுக் கொடுத்தான்.

கினுயோ பெஞ்சிலிருந்து எழுந்து சுவரோரம் ஒதுங்கினாள். ஆளில்லாத ஸ்டேஷன். டிக்கெட் ஜன்னலைப் பலகை அடித்து மூடிப் பதினைந்து வருஷமாகிறது. ரயில் வர இன்னும் பத்து நிமிஷம் இருந்தது.

வரும் வழியில் ஊர் ஒலிபெருக்கி ஏதோ அறிவித்தது. மழையில் பாதிதான் காதில் விழுந்தது. "தனியாக நடமாட வேண்டாம். கதவுகளைப் பூட்டிக்கொள்ளுங்கள்." எவனோ ஜெயிலிலிருந்து தப்பிவிட்டான் என்று எண்ணித்தான் ஓட்டமும் நடையுமாக வந்திருந்தாள்.

அவன் முழங்கால்வரை சேறு. புறங்கையில் ரத்தம். அவள் வந்தபோதே கதவு திறந்துதான் கிடந்தது, அறையில் ஈர நாய் வாடை அடித்தது. இப்போது அவன் வியர்வையும் சேர்ந்துகொண்டது.

"யாருங்க நீங்க?"

"சத்தம் போடாதீங்கக்கா," என்று கிசுகிசுத்தான்.

"நான் வெளியில நின்னுக்கிறேன்."

"வெளியில போனா உயிரோட திரும்ப மாட்டீங்க."

அவள் பைக்குள் போன் அடித்தது. ஒரே எட்டில் வந்து பிடுங்கி அணைத்துவிட்டான்.

"அண்ணே, என்னை விட்டுடுங்க." கைகூப்பினாள். "வீட்டுக்காரருக்கு நாளைக்குக் காலையில ஆபரேஷன். ஆஸ்பத்திரியில தனியா கிடக்காரு."

"நான் எங்க பிடிச்சு வச்சிருக்கேன்? மெதுவா ஜன்னல்ல பாருங்க."

பார்த்தாள். பிளாட்பாரத்தில் ஒரு கரடி நின்றது. மார்பில் வெள்ளைப் பிறை. மழையில் நனைந்து இன்னும் கறுத்திருந்தது.

"வெள்ளரித் தோட்டத்துலேருந்து என் பின்னாலயே வந்துடுச்சு. வேலி தாண்டினதுல கை கிழிஞ்சுபோச்சு," என்றான். ஹிராயா என்று பெயர் சொன்னான். சொல்லும்போது பற்கள் தந்தியடித்தன. தன்னைவிட அவன்தான் அதிகம் பயந்திருக்கிறான் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

கரடி கதவருகே வந்தது. இடுக்கில் மூக்கை வைத்து நீளமாக மூச்சிழுத்தது. பிறகு நகத்தால் பிறாண்டத் தொடங்கியது. முட்டுக் கட்டை அதிர்ந்தது.

"ரயில் வரட்டும். ஹாரன் அடிச்சா ஓடிடும்."

ரயில் வந்தது. டிரைவர் கரடியைப் பார்த்திருக்க வேண்டும். ஹாரனை விடாமல் அடித்தார். கரடி இரண்டடி பின்வாங்கியது. மறுபடி கதவுக்கே வந்து முழு உடம்பாலும் மோதியது.

"ஓட மாட்டேங்குதே. இத்தனை சத்தத்துக்கும் ஏன் ஓட மாட்டேங்குது?" ஹிராயா கட்டையை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டான். கட்டை நடுவில் விரிசல் விட்டது.

கினுயோ பெஞ்சுக்குப் பக்கத்தில் சுவரைப் பிடித்தபடி அப்படியே தரையில் சரிந்தாள். ஹாரன் ஒரு நொடி நின்றபோது, அவள் காதுக்குப் பக்கத்தில் மெல்லிய முனகல் கேட்டது. மூச்சைப் பிடித்துக்கொண்டு பெஞ்சுக்கு அடியில் குனிந்து பார்த்தாள்.

பார்த்தவள் சத்தமில்லாமல் எழுந்து, பெஞ்சின் மேல் ஏறி நின்றுகொண்டாள். ஹிராயாவையும் ஏறும்படி கை காட்டினாள்.

"கட்டையை எடுத்துட்டுக் கதவை ஒரு சாண் திறந்து விடுங்கண்ணே," என்றாள். "அதோட குட்டி இங்க இருக்கு."