மீத்தேனுக்கு எட்டு

1986 நவம்பர் 24, திங்கட்கிழமை காலை. மலேசியாவின் கிள்ளானில் ஒரு பள்ளியின் தனி அறையில், பல்கலைக்கழகம் போவதற்கான எஸ்.டி.பி.எம். தேர்வின் கெமிஸ்ட்ரித் தாளை இரண்டு பேர் சேர்ந்து எழுதினார்கள்.

"ஒரு மோல் மீத்தேன்ல எத்தனை எலக்ட்ரான்? எழுதுங்க அங்கிள். கார்பனுக்கு ஆறு, நாலு ஹைட்ரஜனுக்கு நாலு. ஒரு மூலக்கூறுக்கு மொத்தம் பத்து."

ரமணி சொல்லச் சொல்ல கனகலிங்கம் எழுதினார். அவளுடைய வலது கை மாவுக்கட்டில் இருந்தது. ஷா ஆலத்தில் அரசாங்க அலுவலகத்தில் எழுத்து வேலை பார்க்கும் கிராணியான அவர், தானாகவே தலைமை ஆசிரியரைப் பார்த்து இந்த வேலையைக் கேட்டு வாங்கி, லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். கெமிஸ்ட்ரி தெரியாதவர்தான் எழுதித் தர வேண்டும். சொன்னதை எழுதுவதோடு சரி, வாயைத் திறக்கக் கூடாது.

"அதை அவகாட்ரோ நம்பரால பெருக்கினா விடை, ஆறு பாயின்ட் ஜீரோ டூ, இன்டு டென் டு த பவர் ட்வென்டி ஃபோர்."

பேனா நின்றது.

ரமணி அவரைப் பார்த்தாள். அவர் நிமிரவில்லை. தப்போ? இந்தத் தாளில் 'ஏ' வந்தால்தான் அவளுக்கு பார்மசி.

"அடிச்சிடுங்க அங்கிள். வெளி எலக்ட்ரானை மட்டும்தான் எண்ணணும் போல. பத்து இல்ல, எட்டு."

அவர் அடித்துவிட்டு எட்டு என்று எழுதினார்.

வெளியே வந்ததும் தோழி புஷ்பவல்லியைப் பிடித்தாள். "மீத்தேனுக்கு என்ன போட்ட?"

"பத்துதான் லா. அது ஓசி மார்க்காச்சே!"

ரமணி பின்னால் வந்த கனகலிங்கத்திடம் திரும்பினாள். "ஏன் அங்கிள் பேனாவ நிறுத்துனீங்க? தப்புன்னு ஜாடை காட்டுறீங்கன்னு நெனச்சு, சரியா இருந்ததை மாத்திட்டேன்."

"எனக்கு என்ன தெரியும் பிள்ளை? நீ சொல்லச் சொல்ல, கட்டுக்கு வெளிய இருந்த உன் விரலும் மேசையில எழுதிச்சு. அதைப் பார்த்தேன். கை ஓடல."

ரமணி கட்டுக்கு வெளியே இருந்த விரலை மடக்கிக்கொண்டாள்.

"சரி விடுங்க, ரெண்டு மார்க்தான். நாளைக்கு பயாலஜி. விரலைப் பார்க்காம பேப்பரைப் பாருங்க. இப்ப என்னை வீட்டுல விட்டுடுங்க. பஸ் கூட்டத்துல கை வலிக்கும்."

"என் வண்டியிலயா?"

"வேற எதுல? முச்சந்தியில மட்டும் மெதுவா போங்க."

கனகலிங்கம் வெள்ளை டட்சனின் கதவைத் திறந்தார். மூன்று வாரத்துக்கு முன் ரமணியின் சைக்கிளை இடித்ததில் விழுந்த நசுங்கல் முன் பம்பரில் அப்படியே இருந்தது. அவள் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.